மூடுபனிக்கு ஒரு ஜோடி விளக்கு

ஜூன் பிறந்து தென்மேற்குக் காற்று நீலகிரியில் மோத ஆரம்பித்ததும், எங்கள் மேட்டுப்பாளையம் பட்டறைக்குப் பிக்கப் வண்டிக்காரர்கள் கையில் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்து இறங்குவார்கள். பெட்டிக்குள் ஒரு ஜோடி ஃபாக் லாம்ப் இருக்கும். இல்லாவிட்டால் கூரைக்கு மேலே கட்டுகிற நீளமான எல்.இ.டி. பார் இருக்கும். "சாயங்காலம் கோத்தகிரி போகோணுங்ண்ணா, அதுக்குள்ள மாட்டிக் குடுத்துருங்க" என்பார்கள். எல்லோருடைய வாயிலும் அடுத்து வருகிற கேள்வி, எத்தனை வாட் போட்டால் நன்றாகத் தெரியும் என்பதுதான்.

நான் திருப்பிக் கேட்பது வேறு. "எந்த ரோட்ல, எந்நேரத்துல ஓட்டறீங்க தம்பி? ஏறும்போது காலியா, எறங்கும்போது லோடா?" விளக்கு எது, எங்கே மாட்டுவது, எவ்வளவு சாய்ப்பது என்ற மூன்றுக்கும் விடை அந்தப் பதிலில்தான் இருக்கிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரம். குன்னூர் 1,850 மீட்டர். கல்லாறில் தெளிவாக இருக்கிற ராத்திரி, பர்லியாறு தாண்டியதும் மழையாகும். அதற்கு மேலே மேகமே ரோட்டில் உட்கார்ந்திருக்கும். கேரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு இறங்குகிற வண்டிக்காரருக்கு வேண்டியது, முன்னால் பத்துப் பதினைந்து மீட்டரில் ரோட்டின் ஓரக்கோடும் தடுப்புச்சுவரும் தெரிவதுதான். அரை கிலோமீட்டருக்கு ஒளி அடிக்கும் விளக்கு அவருக்கு அங்கே எதிரி.

மூடுபனி என்பது காற்றில் மிதக்கிற நீர்த்துளிகள். கண்ணின் உயரத்திலிருந்தோ அதற்கு மேலிருந்தோ ஒளியை அடித்தால், அந்தத் துளிகள் அதை நேராக ஓட்டுநரின் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். மூடுபனியில் ஹை பீம் போட்டவருக்கு முகத்துக்கு நேரே வெள்ளை வேட்டியைப் பிடித்தது போல இருக்கும். கூரை மேல் பாரும் அதையேதான் செய்கிறது, இன்னும் மோசமாக. ஃபாக் லாம்ப்பைப் பம்பரில், எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக வைக்கிறோம். அதன் ஒளி அகலமாக விரிந்து, மேல்விளிம்பு கத்தியால் நறுக்கியது போல நிற்க வேண்டும். அந்த விளிம்புக்கு மேலே இருட்டு இருந்தால்தான் கண்ணுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற பனி ஒளிராமல் இருக்கும்.

மஞ்சள் விளக்குதான் பனியைத் துளைக்கும் என்று எங்கள் பக்கம் எல்லா டிரைவரும் நம்புகிறார்கள். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அந்த அளவுள்ள துளி எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஆனாலும் மஞ்சள் கேட்பவரை நான் தடுப்பதில்லை. நீலம் நீங்கிய ஒளியில் கண் கூசுவது குறைவு என்று மலையில் ஓட்டுகிறவர்கள் சொல்வதை நான் மதிக்கிறேன். பிரான்சில் 1993 வரை பல பத்தாண்டுகள் கார் ஹெட்லைட்டே மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. மஞ்சளோ வெள்ளையோ, விளிம்பு சரியாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். பெட்டியிலிருந்து எடுத்ததும் ஒரு பேட்டரியில் தொட்டு சுவரில் அடித்துப் பார்ப்பேன். ஒளி உருண்டையாகப் பரவி மேலும் கீழும் ஒரே மாதிரி விழுந்தால், அது கண்ணாடியில் ஃபாக் என்று எழுதியிருக்கிற ஏதோ ஒரு விளக்கு; திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்வேன்.

வாட் கணக்கையும் அப்போதே காட்டிவிடுவது வழக்கம். பெட்டியில் 120 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட எல்.இ.டி. பாரை 12 வோல்ட்டில் எரியவிட்டு, வயரைச் சுற்றி டி.சி. கிளாம்ப் மீட்டரை மாட்டினால் சில சமயம் 3 ஆம்பியர்தான் காட்டும். மூன்றைப் பன்னிரண்டால் பெருக்கினால் 36 வாட். 120 வாட் உண்மையாக இருந்தால் மீட்டரில் 10 ஆம்பியர் வந்திருக்க வேண்டும். டிரைவரையே மீட்டரைப் பார்க்கச் சொல்லி, பெருக்கலையும் அவரையே செய்யச் சொல்வேன். காசு கொடுத்து வாங்கியவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. அடுத்த முறை கடையில் பெட்டியைப் பார்க்காமல் விளக்கின் முதுகில் இருக்கிற அலுமினிய விசிறிப் பட்டையின் கனத்தைப் பார்த்து வாங்குவார். உண்மையான வாட்டுக்கு உண்மையான சூடு உண்டு. அதை வெளியேற்ற உலோகம் வேண்டும்.

வேலை தெரியாத கண்ணுக்கு விளக்குதான் தெரியும். காசை அதில் கொட்டிவிட்டு வயருக்கு மிச்சம் பிடிப்பார்கள். விளக்கில் பாதி விலைக்கு இறங்கினாலும் பரவாயில்லை, வயரிலும் ரிலேயிலும் குறைக்காதீர்கள் என்றுதான் நான் சொல்லி வருகிறேன். கணக்கு இதுதான். 55 வாட் ஹாலஜன் பல்பு இரண்டு, 9 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். பேட்டரியில் எடுத்து, டேஷ்போர்டில் சுவிட்சுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மறுபடி பம்பருக்குக் கொண்டுவந்தால் 5 மீட்டர் வயர் ஓடும். அது 1 ஸ்கொயர் எம்.எம். வயராக இருந்தால் வழியிலேயே 0.8 வோல்ட் காணாமல் போகும். மலிவான சுவிட்சின் காண்டாக்ட்டிலும் துருப்பிடித்த எர்த்திலும் இன்னொரு அரை வோல்ட் போய்விடும். ஹாலஜன் பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் ஒளி 30 சதவீதம் குறையும். அதாவது, வாங்கிய ஒளியில் மூன்றில் ஒரு பங்கை வயரே தின்றுவிட்டு, அதைச் சூடாக டேஷ்போர்டுக்குள் விட்டுக்கொண்டிருக்கும்.

ரிலே வைத்து, 2.5 ஸ்கொயர் வயரில் பேட்டரியிலிருந்து நேராக 2 மீட்டரில் விளக்குக்குப் போனால், போகிற பாதையில் இழப்பு 0.13 வோல்ட்தான். சுவிட்சுக்குப் போவது ரிலேயின் காயிலை இழுக்கிற கரண்ட் மட்டும், அது 0.15 ஆம்பியர் அளவில் இருக்கும். மெல்லிய வயரும் சின்ன சுவிட்சும் அதற்குப் போதும். ரிலே என்கிற அந்தக் கறுப்புச் சதுர டப்பாவின் காலடியில் இருக்கிற எண்கள் ஜெர்மன் தரநிலையிலிருந்து வந்தவை. பெரும்பாலான ரிலேக்களில் இதே எண்கள்தான். 30-க்கு பேட்டரியிலிருந்து வருகிற ஃபியூஸ் லைன், 87-ல் விளக்கு, 86-ல் சுவிட்சிலிருந்து வருகிற பாசிட்டிவ், 85-ல் எர்த். 85-ஐயும் 86-ஐயும் மாற்றிப் போட்டாலும் சாதாரண ரிலே வேலை செய்யும் என்பதால் பையன்கள் அலட்சியமாக இருப்பார்கள். உள்ளே டயோடு வைத்த ரிலே என்றால், மாற்றிப் போட்ட நொடியில் ஷார்ட். அதனால் எந்த ரிலேயாக இருந்தாலும் 86 பாசிட்டிவ், 85 எர்த் என்றே கை பழக வேண்டும்.

86-க்கு வருகிற லைனை எங்கே எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். பேட்டரியிலிருந்தே எடுத்தால், சாவியை எடுத்த பிறகும் விளக்கு எரியும். மார்க்கெட்டில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கிய டிரைவர் காலையில் செல்ஃப் அடிக்காமல் தள்ளச் சொல்லுவார். பார்க்கிங் லைட் லைனிலிருந்து எடுப்பது என் வழக்கம். பார்க்கிங் லைட்டை அணைத்தால் ஃபாக்கும் அணையும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் இந்த வேலை இன்னும் நிதானம் கேட்கிறது. பல வண்டிகளில் ஹெட்லைட்டைக் கட்டுப்படுத்துவது ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. பழைய வண்டியில் செய்தது போல ஏதோ ஒரு வயரைக் கிள்ளி, உரித்து, முறுக்கி, டேப் சுற்றினால், மீட்டர் போர்டில் எச்சரிக்கை விளக்கு வரும். கம்பெனியில் வாரண்டியும் மறுப்பார்கள். அவற்றில் ஃபியூஸ் பாக்ஸில் செருகுகிற தனி டேப் கனெக்டர் போட்டுத்தான் லைன் எடுக்கிறேன். வண்டியோடு வந்த வயரில் கத்தி படக் கூடாது. எஃப்.சி.க்குப் போகும்போது கழற்ற வேண்டி வந்தாலும், கனெக்டரை உருவினால் வண்டி வந்தபடியே நிற்கும்.

ஃபியூஸைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. அது விளக்கைக் காப்பாற்றுகிறது என்று நினைக்கிறார்கள். ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்றுவதற்கு. அதனால் அது பேட்டரி டெர்மினலிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். ரிலேக்குப் பக்கத்தில் வைத்தால், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் ஓடுகிற வயருக்குக் காவலே கிடையாது. இரண்டு 55 வாட்டுக்கு 15 ஆம்பியர், நீல நிற பிளேடு ஃபியூஸ். அது எரிந்துபோனால் பச்சை நிற 30 ஆம்பியரைச் செருகுவதும், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் செருகுவதும் பார்த்திருக்கிறேன். ஃபியூஸ் எரிந்தது என்றால் எங்கோ வயர் உரசியிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேட வேண்டும்.

ஃபியூஸே இல்லாமல் செய்த வேலை எப்படி முடியும் என்பதற்கு ஒரு பிக்கப்பைச் சொல்லலாம். கல்லாறுக்கு மேலே நின்றுபோனதை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து வந்தார்கள். கூரையில் பார். அதற்கு யாரோ வீட்டு வயரிங்குக்குப் போடுகிற வயரைப் பேட்டரியிலிருந்து நேராக இழுத்திருந்தார்கள். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கிற தகட்டில் ஓட்டை போட்டு, ரப்பர் குரோமெட் வைக்காமல், தகட்டின் பச்சை விளிம்பிலேயே வயரை நுழைத்திருந்தார்கள். டீசல் இன்ஜின் அதிரும்போதெல்லாம் அந்த விளிம்பு வயரை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. செம்பு தகட்டைத் தொட்டதும் பேட்டரியின் முழு பலமும் அந்த ஒற்றை வயர் வழியே பாய்ந்திருக்கிறது. நான் டேஷ்போர்டைக் கழற்றியபோது, அந்த வயர் படுத்திருந்த பாதையெல்லாம் பக்கத்து வயர்களின் தோல் உருகி ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை எதுவும் தெரியவில்லை. பழுப்பாக, அங்கங்கே செம்பு மட்டும் மினுங்கியது. கரிந்த பி.வி.சி. நாற்றம் சீட்டிலும் மேட்டிலும் ஏறியிருந்தது. அந்த டிரைவர் புகையைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டி, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றியதால் வண்டி மிஞ்சியது. அவருடைய நிதானம் எல்லோருக்கும் வாய்க்காது. மிச்சம் பிடித்தது ஒரு ஃபியூஸ் ஹோல்டரும் ஒரு ரப்பர் வளையமும். போனது வண்டியின் முழு வயரிங் ஹார்னஸ்.

வீட்டு வயர் வேண்டாம் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆட்டோ கேபிளில் செம்பு இழைகள் மெல்லியவை, எண்ணிக்கையில் நிறைய; அதிர்வில் வளைந்து கொடுக்கும். சூடும் டீசலும் பட்டாலும் அதன் தோல் தாங்கும். வீட்டு வயர் சுவருக்குள் அசையாமல் கிடப்பதற்காகச் செய்தது. அதே காரணத்தால் ஜாயின்ட்டில் ஈயம் வைப்பதையும் நான் குறைத்துக்கொண்டேன். ஈயம் இழைகளுக்குள் ஊறி ஏறி, அந்த இடத்தை ஒரே கம்பியாக விறைக்க வைத்துவிடும். விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்குகிற அந்த விளிம்பில்தான் அதிர்வில் முறியும். நல்ல கிரிம்பிங் பிளேயரால் லக்கை அழுத்தி, கையால் இழுத்துப் பார்த்து, பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுருக்கி மூடினால் போதும். மீன் ஏற்றுகிற வண்டிகளில் இதை விட்டுவிட்டால் உப்புத் தண்ணீர் லக் வழியாக உள்ளே ஏறி, ஒரு முழத்துக்குச் செம்பைக் கறுக்க வைத்திருக்கும். வெளியே தோல் புதிதாக இருக்கும். ரிலேயையும் கால்கள் கீழே பார்க்க மாட்டி, வயரைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும். வழிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

எர்த். பாதி கேஸ்கள் இங்கேதான். விளக்கு மங்கல் என்று வருகிற வண்டியில் முதலில் மல்டிமீட்டரின் ஒரு முனையை விளக்கின் நெகட்டிவ் வயரிலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவ்விலும் வைத்து, விளக்கை எரியவிட்டுப் பார்ப்பேன். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 0.8, 1.2 என்று காட்டினால் போல்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை, அடியில் பெயின்ட் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பம்பர் பிராக்கெட்டின் பவுடர் கோட்டிங் மேலேயே லக்கை வைத்து முடுக்கியிருப்பார்கள். கரண்ட் போல்ட்டின் மரை வழியாக மட்டும் திணறிப் போய்க்கொண்டிருக்கும். பெயின்டை உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, பல்வைத்த வாஷர் போட்டு முடுக்கி, மேலே வாசலின் தடவிவிட்டால் பல மழைக்காலம் தாங்கும். சேஸிஸில் மட்டும் புது ஓட்டை போடவே கூடாது. பாரம் சுமக்கிற சட்டம் அது. ஓட்டையின் விளிம்பில்தான் விரிசல் பிறக்கும். கம்பெனி போட்ட ஓட்டைகளே போதும், தேடினால் கிடைக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகு வருகிற வேலையைப் பெரும்பாலான இடங்களில் செய்வதே இல்லை. விளக்கைச் சாய்த்து நிறுத்துவது. 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இது இருக்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, வண்டியின் வலப்பக்க விளிம்பிலிருந்து அரை மீட்டர் விலகி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிற கண்ணைக் கூச வைக்கக் கூடாது என்கிறது விதி. எதிரே வருகிறவரின் கண் எங்கே இருக்கும் என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் பட்டறைக்கு எதிரே இருக்கிற குடோன் சுவருக்கு 8 மீட்டரில் தரையில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். வண்டியை அந்தக் கோட்டில் நிறுத்தி, விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, அதற்கு 16 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு இழுப்பேன். ஒளியின் மேல்விளிம்பு கீழ்க்கோட்டில் உட்கார வேண்டும். 100-க்கு 2 என்ற சாய்வு அது. 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிற விளக்கின் விளிம்பு 30 மீட்டரில் தரையைத் தொடும்.

பிக்கப்பில் இதோடு வேலை முடியாது. ஒன்றரை டன் உருளைக்கிழங்கு ஏறியதும் பின்பட்டை அமுங்கும், மூக்கு தூக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 3 மீட்டர் இருக்கிற வண்டியில், பின்பக்கம் 10 சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கினால் 100-க்கு 3-க்கு மேல் தூக்கிவிடும். 2 இறக்கி வைத்தது 1-க்கு மேல் ஏறிவிடும். 50 மீட்டரில் எதிரே வருகிற மோட்டார் சைக்கிள்காரரின் முகத்துக்கு நேரே அது போய் நிற்கும். கம்பெனி ஹெட்லைட்டுக்குப் பல வண்டிகளில் டேஷ்போர்டில் ஒரு திருகு இருக்கிறது. லோடு ஏறினால் கீழே இறக்கலாம். நாம் மாட்டுகிற விளக்குக்கு அந்த வசதி கிடையாது. மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது முறை. கண் கூசியவர் எந்த ஓரத்தில் ஒதுங்குவார்? ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

அதனால் "லோடோட வாங்க தம்பி, அப்பத்தான் செட்டிங்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். முதல் நாள் சாய்வைக் கொஞ்சம் அதிகமாகவே இறக்கி வைத்திருப்பேன். மறுநாள் விடியுமுன், மண்டிக்குப் போகிற வழியில், கேரட் மூட்டைகளோடு வந்து கோட்டில் நிறுத்துவார்கள். நிறைந்த வண்டியை வைத்துத்தான் கடைசி முடுக்கு. காலியாக ஏறும்போது ஒளி பன்னிரண்டு மீட்டரிலேயே தரையைத் தொட்டுவிடுகிறதே என்று சிலர் குறைப்படுவார்கள். மூடுபனியில் ஏறுகிற வேகத்துக்கு அது போதும். பனி இல்லாவிட்டால் ஹெட்லைட் இருக்கிறது, ஃபாக்கை அணைத்துவிடுங்கள் என்பேன். முடுக்கி முடித்ததும் நட்டின் மேலிருந்து பிராக்கெட் வரை வெள்ளை பெயின்டால் ஒரே கோடு இழுத்துவிடுவேன். டிரைவர் தினமும் டயரைத் தட்டிப் பார்க்கும்போது அந்தக் கோட்டையும் பார்க்க வேண்டும். கோடு முறிந்து விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. அன்றைக்கு ஃபாக் சுவிட்சைத் தொடாமல், லோடோடு மறுபடி சுவருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லித்தான் சாவியைக் கொடுக்கிறேன்.